பெயரைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்

நான் எழுதிய பாடத்தை நானே திருடிவிட்டதாக ஒரு திங்கட்கிழமை காலை எனக்கு மின்னஞ்சல் வந்தது.

பள்ளி நூலகத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையால் அட்டைகளில் முத்திரை குத்திக்கொண்டே மறு கையில் இருந்த போனில் அதைப் படித்தேன். ஆசிரியர்கள் பாடங்களைப் பகிர்ந்துகொள்ளும் இணையதளம் ஒன்றில் நான் ஏற்றியிருந்த பாடத்தை நீக்கிவிட்டார்களாம். அது ஒரு புத்தகத்திலிருந்து நகலெடுக்கப்பட்டது என்று கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் பதிப்பகம் ஒன்று புகார் கொடுத்திருக்கிறதாம். புத்தகத்தின் பெயரைப் பார்த்தேன். கேள்விப்பட்டதில்லை. அதன் கீழே ஆசிரியரின் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குரியவளோடு நான் தினமும் போனில் பேசுகிறவள். வங்காளத்தில் அக்கா என்று பொருள்படும் 'தீதி' என்றே சேமித்து வைத்திருந்ததால் முழுப் பெயராகப் பார்த்ததும் ஒரு கணம் யாரோ என்று நினைத்துவிட்டேன்.

நான் தென் கல்கத்தாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நூலகர். பிறந்தது கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்தார். இப்போது என் கணவர் அதே கட்டடத்தில் வேலை பார்க்கிறார். குடியிருப்பது சாந்த்ராகாச்சியில். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி, சம்பளம் வாங்குகிற இடத்தில் இங்கிலீஷ் என்று பழகிய குடும்பம்.

நீக்கப்பட்ட பாடம் எதைப் பற்றியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பதிப்புரிமையைப் பற்றியது.

பள்ளியில் எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள்தான் அதில் இருந்தன. கைடு புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸாப் குழுவில் போடலாமா? பூஜைப் பந்தலை நாமே எடுத்த புகைப்படத்தைப் பள்ளி மலரில் அச்சிட யாரிடம் கேட்க வேண்டும்? ஆண்டு விழா வீடியோ பள்ளிக்குச் சொந்தமா, எடுத்தவருக்குச் சொந்தமா? ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதி, வங்காளத்தில் எழுதி, கடைசியில் ஆசைக்காகத் தமிழிலும் எழுதினேன். படங்களும் நானே வரைந்தவை.

அதை எழுத வைத்தது ஒரு பயிற்சி. ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் திறந்த உரிமங்களைப் பற்றிச் சொல்லித்தரும் சான்றிதழ்ப் படிப்பு, முழுக்க இணையத்தில். திறந்த உரிமம் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒன்றை எழுதியவர், 'என்னிடம் வந்து அனுமதி கேட்க வேண்டாம், இந்த நிபந்தனைகளை மட்டும் மதித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவது. அந்தப் படிப்பில் கல்கத்தாவிலிருந்து இரண்டு பேர்தான் இருந்தோம். இன்னொருவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவரைத்தான் தீதி என்று கூப்பிட்டேன். அவர் என்னைச் செல்லமாக 'மாத்ராஜி', அதாவது மதராஸ்காரி, என்று கூப்பிடுவார்.

அவர் என்று எழுதுவது இத்துடன் போதும். இனி அவள்தான்.

அவளுடைய வீட்டில் மாமியார், நாத்தனார், டிவி என்று எப்போதும் இரைச்சல். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் ரயில் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பயிற்சிக் கட்டுரைகளை எழுதுவோம். தோசைக்கு மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துக் கொடுத்தால் கண்ணில் தண்ணீர் வழிய வழிய இன்னொன்று கேட்பாள். என் மகள் டெங்குவில் படுத்தபோது ஆஸ்பத்திரியில் என்னுடன் ராத்திரி பகலாக இருந்தவள் அவள். என் கூடப் பிறந்தவள்கூட மெட்ராஸிலிருந்து போனில்தான் விசாரித்தாள். இதையும் சொல்லத்தான் வேண்டும். இது இல்லையென்றால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

பாடத்தை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று நான் தடுமாறியபோது யோசனை சொன்னதும் அவள்தான்.

"ஷோனோ, கேளு மாத்ராஜி. வெறும் பேர் போடணும்னு மட்டும் வச்சா நாளைக்கு எவனாவது எடுத்து, மாத்தி எழுதி, பூட்டு போட்டு வச்சுப்பான். 'மாத்தி எழுதினா அதையும் இதே மாதிரி திறந்தே வைக்கணும்'னு ஒரு நிபந்தனை இருக்கு பாரு, அதைப் போடு. அப்புறம் யாராலயும் பூட்ட முடியாது."

அதையே போட்டேன். பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் தர வேண்டும். இரண்டே நிபந்தனை.

மின்னஞ்சலைப் படித்ததும் அவளுக்கு போன் செய்தேன். உடனே எடுத்தாள்.

"ஆரே பாபா, அது பதிப்பகத்துல மெஷின் பண்ற வேலை. இன்டர்நெட்ல தேடித் தேடி அதுவே புகார் அனுப்பிடுது. நான் பேசறேன். நீ கவலைப்படாதே."

"தீதி, உங்க புஸ்தகத்துல என் பாடம் எப்படி வந்தது?"

"உன்னோடதையும் பார்த்து எழுதினேன்தான். நீயே எல்லாருக்கும்னுதானே கொடுத்தே? சும்மா கொடுத்ததுக்கு அப்புறம் என்ன கணக்கு? கிளாஸுக்கு நேரமாச்சு, சாயங்காலம் கூப்பிடறேன்."

சாயங்காலம் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்து ஓய்ந்தது.

அந்தப் பாடத்தை வைத்துத்தான் எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி நடத்துவதாக இருந்தது. புகார் வந்த செய்தி எப்படியோ பிரின்சிபால் காதுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முகத்தில் ஒரு கருணை தெரிந்தது.

"அந்த மேடத்துக்கிட்ட நானே போன்ல பேசிட்டேன்," என்றார். "ரொம்பப் பெருந்தன்மையா பேசினாங்க. அவங்கதான் உங்களுக்கு இதெல்லாம் கத்துக்கொடுத்தாங்களாமே? அவங்க வகுப்புக் குறிப்பையெல்லாம் உங்களுக்குக் கொடுத்தாங்களாம். அதை வச்சு நீங்க தெரியாம உங்க பேர்ல போட்டிருப்பீங்கன்னாங்க. 'பாவம், விட்டுடுங்க சார், நடவடிக்கை எல்லாம் வேண்டாம்'னாங்க. அதனால இதை இத்தோட விட்டுடலாம். பயிற்சி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்."

பாவம், விட்டுடுங்க.

திருடினாள் என்பதைக் கூட நான் ஒருவேளை விழுங்கியிருப்பேன். நான் செய்யாத குற்றத்துக்கு அவள் என்னை மன்னித்துவிட்டாள். அதை விழுங்க முடியவில்லை. ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு மாறியது. கணக்கு ஆசிரியை, பக்கத்து வீட்டு அண்ணி மாதிரி என்னிடம் பழகுகிறவள், என் கையைத் தட்டிக்கொடுத்து, "எல்லாரும்தான் காப்பி அடிக்கறோம், விடு," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த சனிக்கிழமை காலேஜ் ஸ்ட்ரீட் போய் புத்தகத்தை வாங்கினேன். வங்காளப் புத்தகம், கெட்டி அட்டை. பின்பக்கம் அவள் புகைப்படம், தாந்த் கைத்தறிப் புடவையில், கன்னத்தில் கை வைத்து. உள்ளே இரண்டாம் பக்கத்தில் 'எல்லா உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்று அச்சிட்டிருந்தது. ஹவுராவில் உட்கார இடம் கிடைத்தது. ரயில் கிளம்பும் முன்பே படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

முதல் நான்கு அத்தியாயங்கள் அவளுடையவை. கிராமத்துப் பள்ளிகளில் பயிற்சி ஆசிரியர்களோடு அவள் அலைந்த அனுபவங்கள். நன்றாகவே எழுதியிருந்தாள். ஐந்தாவதிலிருந்து நான். வரிக்கு வரி நான். என் தங்கை கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வாசித்ததை வீடியோ எடுத்தவன் ஒருவன், இணையத்தில் போட்டவன் இன்னொருவன், யாருக்கு என்ன உரிமை என்று ஓர் உதாரணம் எழுதியிருந்தேன். புத்தகத்திலும் அதே கல்யாணம் நடந்தது. அதே மழை பெய்தது. அதே மாமா கோபித்துக்கொண்டு போனார். நாதஸ்வரம் மட்டும் ஷெனாய் ஆகியிருந்தது.

நான் வரைந்த படங்களை யாரோ அழகாகத் திரும்ப வரைந்திருந்தார்கள். முன்னுரையில் நன்றி சொன்ன பெயர்களில் அவளுடைய கல்லூரி முதல்வர் இருந்தார், குரு இருந்தார், பூனை கூட இருந்தது. நான் இல்லை.

சாந்த்ராகாச்சி வந்ததுகூடத் தெரியாமல் அடுத்த ஸ்டேஷன் போய்த் திரும்பி வந்தேன். வீட்டில் கணவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன யோசனை? ஆதாரம் உன்கிட்ட இருக்கு. பதிப்பகத்துக்கு ஒரு லெட்டர் போடு. ஒரு வாரத்துல முடிஞ்சுடும்."

"முடியத்தான் கூடாது."

"என்ன சொல்ற?"

"லெட்டர் போட்டா என்ன ஆகும்? 'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு ஒரு வரி எழுதி, அடுத்த பதிப்புல மூலையில என் பேரைப் போடுவாங்க. யாருக்குத் தெரியும்? என் பேரை என் ஸ்கூல் முழுக்க அவ கெடுத்தா. அவ பேரு ஊர் முழுக்கக் கெடணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

காத்திருந்தேன். கோபத்தோடு காத்திருப்பது கஷ்டம் என்பார்கள். எனக்கு அது சுகமாக இருந்தது. காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்ள ஒன்று இருந்தது. பயிற்சி நடத்தியவர்களின் சேமிப்புத் தளத்தில் என் பாடத்தின் இன்னொரு பிரதி, ஏற்றிய தேதியோடு அப்படியே இருந்தது. என்னைத் திருத்திய பயிற்சியாளருக்கு எழுதினேன். இது இவருடைய வேலை, நான் வரைவு வரைவாகப் படித்துக் கருத்துச் சொல்லியிருக்கிறேன் என்று அவர் எழுதிக்கொடுத்தார். புத்தகத்தையும் பாடத்தையும் அருகருகே வைத்துப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தேன். உரிமத்தின் சட்ட வாசகத்தை, பயிற்சியில் படித்ததைவிட ஊன்றிப் படித்தேன். சில பகுதிகள் மனப்பாடமே ஆகிவிட்டன.

மழைக்காலம் முடியும்போது சர்க்குலர் வந்தது. ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் திறந்த உரிமம், பதிப்புரிமை பற்றி ஒரு நாள் பயிலரங்கு, அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகக் கூடத்தில். பயிற்சியாளர் பெயரைப் பார்த்தேன். இரண்டாம் தரம் பார்க்கத் தேவையிருக்கவில்லை, அவள்தான். பள்ளி சார்பில் நூலகர் ஒருவர் போக வேண்டும். பிரின்சிபால் தயங்கினார்.

"நல்லா கத்துக்கிட்டு வரேன் சார்," என்றேன்.

அவருக்கு அது பிடித்திருந்தது.

அன்று ஆற்றின் மேல் உள்ள இரண்டாவது பாலம் வழியாக பஸ்ஸில் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தேன். பயிலரங்குக்கு யாரும் பட்டுப்புடவை கட்டுவதில்லை.

கூடத்தில் வட்ட மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஆறு பேர். எங்கள் மேஜையில் பர்த்வானிலிருந்து வந்த கல்லூரி நூலகர் ஒருவர், கனத்த குரல், எதையும் பாதியில் விடாத மனிதர். அவள் மேடையேறி, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்வை என்னிடம் வந்து நின்றது. முகம் ஒரு நொடி விழுந்தது. பிறகு சிரித்தாள். கை கூட அசைத்தாள். நானும் அசைத்தேன்.

திரையில் பாடம் ஓட ஆரம்பித்தது. முதல் சில பக்கங்கள் சரியாகப் போயின. பிறகு நான் வரைந்த படம் ஒன்று வந்தது, பந்தல் முன்னால் கேமராவோடு நிற்கும் பையன். சட்டென்று அடுத்ததுக்குத் தாவினாள். அதுவும் என்னுடையது. அதையும் தாண்டினாள். அடுத்ததும் என்னுடையதுதான். கூடத்தில் சலசலப்பு.

"தீதி, கொஞ்சம் மெதுவா! எழுதிக்க முடியலை," என்று பர்த்வான்காரர் குரல் கொடுத்தார்.

"இதெல்லாம் அவ்வளவு முக்கியமில்லை," என்றாள் அவள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

கேள்வி நேரம் வந்தது. நாலைந்து பேர் கேட்ட பிறகு எழுந்து நின்றேன். மைக்கை வாங்கி, வங்காளத்தில், நல்ல மாணவி போலக் கேட்டேன்.

"பேர் போடணும், மாத்தினா அதையும் திறந்தே வைக்கணும்னு ஒருத்தர் கொடுத்த பாடத்தை இன்னொருத்தர் எடுத்து, பேரை எடுத்துட்டு, தன் பேரைப் போட்டுக்கிட்டா என்ன ஆகும்?"

அவள் தண்ணீர் குடித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி எளிமையானது. பதில் தெரியாது என்று பயிற்சியாளர் சொல்ல முடியாது.

"உரிமம் அந்த நிமிஷமே தானா முடிஞ்சு போகும். அதுக்கப்புறம் அது சாதாரணத் திருட்டுப் பதிப்புதான்."

"சரி பண்ணிக்க வாய்ப்பு உண்டா தீதி?"

"உண்டு. தப்புன்னு தெரிய வந்ததிலேர்ந்து முப்பது நாளுக்குள்ள சரி பண்ணிட்டா, உரிமம் தானா திரும்ப வந்துடும்."

"முதல் நாளே தெரிஞ்சுதான் பண்ணினாங்கன்னா?"

அவள் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நல்ல கேள்வி!" என்றார் பர்த்வான்காரர். "எனக்கும் அது தெரியணும்."

"அப்படின்னா," என்றாள், "முப்பது நாள் முதல் நாள்லேர்ந்தே கணக்கு."

"நன்றி தீதி," என்று உட்கார்ந்தேன்.

தேநீர் இடைவேளையில் வராந்தாவுக்கு என்னைத் தேடி வந்தாள். அருகில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஈரமாக இருந்தன.

"மாத்ராஜி, என்ன பண்ணப் போறே?"

"பயிற்சிதான். மத்தியானம் செய்முறை இருக்கில்ல?"

"ஷோனோ. எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் வந்துட்டு இருந்தது. என்கிட்ட படிச்சவனெல்லாம் எனக்கு மேல போயிட்டான். ஒரு புஸ்தகம் கூட இல்லாம நான் ரிட்டையர் ஆகணுமா? நாலு அத்தியாயத்துக்கு மேல எனக்கு எழுத வரலை. பதிப்பகத்துல அவசரப்படுத்தினாங்க. உன் பேரைப் போடணும்னுதான் இருந்தேன், சத்தியமா. அந்தப் புகார் நான் அனுப்பினது இல்லை. அது மெஷின்."

"எங்க பிரின்சிபால்கிட்ட 'பாவம், விட்டுடுங்க'ன்னு சொன்னதும் மெஷினா?"

பிடி தளர்ந்தது. அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மகளுக்காக அழுதவள் அவள். அந்த முகம் எனக்குத் தெரியும். இப்போதும் அதே மாதிரிதான் மூக்கு சிவந்தது.

"என்ன வேணும்னாலும் எழுதித் தரேன். புஸ்தகத்தைத் திரும்ப வாங்கிடச் சொல்றேன். இங்க வேண்டாம். எல்லார் முன்னாடியும் வேண்டாம்."

"எல்லார் முன்னாடியும்தான்," என்றேன். "என்னை நீங்க எப்படித் திருடியாக்கினீங்களோ, அப்படித்தான்."

தேநீர் நன்றாக இருந்தது. இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தேன்.

மதியம் செய்முறை. ஒவ்வொரு மேஜையும் ஒரு திறந்த பாடத்தை எடுத்துக்கொண்டு, தலைப்பு, எழுதியவர், எங்கே கிடைத்தது, எந்த உரிமம் என்று முறையாகப் பெயர் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும். எங்கள் மேஜையின் சார்பில் நான் பேசுகிறேன் என்றேன். பர்த்வான்காரர் துணைக்கு நின்றார். அவரிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

திரையில் இடது பக்கம் என் பாடம், ஏற்றிய தேதியோடு. வலது பக்கம் புத்தகம். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வாசித்தேன், அவ்வளவுதான். இடது பக்கம் ஒரு வரி, வலது பக்கம் ஒரு வரி. கல்யாண உதாரணம் வந்தது. நாதஸ்வரம் என்று படித்தேன், ஷெனாய் என்று படித்தேன். கூடம் சிரித்தது. பிறகு புத்தக அட்டையைக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்த புகைப்படம் திரை முழுக்க நின்றது. சிரிப்பு ஒவ்வொரு மேஜையாக நின்றது. அந்த ஓசை அடங்கியதை இப்போதும் ஆசையாக நினைத்துக்கொள்வேன்.

பயிலரங்கை ஏற்பாடு செய்த அதிகாரி முதல் வரிசையிலிருந்து எழுந்துவிட்டார். ஆனால் அவருக்கு முன் பர்த்வான்காரர் பேசினார். அவருக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். செய்முறையை முடித்தாக வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

"அப்போ எழுதியவர்ங்கிற இடத்துல யார் பேரைப் போடணும் தீதி?"

அவள் மேடையில் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. என் பெயரைச் சொன்னாள். மாத்ராஜி இல்லை, என் முழுப் பெயர், இனிஷியலோடு. ஒலிபெருக்கி நான்கு மூலையிலும் அதைச் சொன்னது.

பயிலரங்கு அன்று சீக்கிரமே முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். முதலில் மிரட்டினார்கள். பிறகு முப்பது நாள் அவகாசம் கேட்டார்கள். அந்த அவகாசம் யாருக்குக் கிடையாது என்று உங்கள் ஆசிரியரே நூறு பேர் முன்னால் விளக்கியிருக்கிறார், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கடைசியில் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள்.

"வேண்டாம்," என்றேன். "புத்தகம் இருக்கட்டும். முழுப் புத்தகமும் திறந்த உரிமத்துல இலவசமா இணையத்துக்கு வரணும். என் பேர் அட்டையில வரணும். ஏன் வருதுங்கிறது முதல் பக்கத்துல வரணும்."

"முழுசுமா? முதல் நாலு அத்தியாயம் அவங்களோடது ஆச்சே?"

அவர்கள் கேட்டது சரிதான். உரிமத்தின்படி என் பகுதியிலிருந்து பிறந்தவற்றைத்தான் நான் கேட்க முடியும். பக்கத்தில் தனியாக நிற்கும் அவளுடைய அத்தியாயங்களுக்கு அந்த நிபந்தனை ஒட்டாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பதற்கு நான் என்ன விலை கேட்கிறேன் என்பது என் விருப்பம். அவள் பல வருஷம் வெயிலில் அலைந்து எழுதிய அந்த நான்கு அத்தியாயங்களைத்தான் நான் கேட்டேன்.

"அது அநியாயம் இல்லையா?" என்றார் கணவர். "அதையாவது விட்டுடேன். அது அவளோட சொந்த உழைப்பு."

"அதனாலதான் வேணும்."

பதிப்பகத்துக்கு அவளைவிட வழக்குதான் பெரிதாக இருந்தது. அவளிடம் எப்படிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. துர்கா பூஜை விடுமுறைக்கு முன்பு புத்தகம் இணையத்துக்கு வந்துவிட்டது. என் பாடமும் பழைய தளத்துக்குத் திரும்பியது. பயிற்சியாளர் பட்டியலிலிருந்து அவள் பெயர் போயிற்று. நேர்காணலுக்கு அவளைக் கூப்பிடவில்லை என்று அவள் கல்லூரியில் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். வருத்தமான செய்தியைச் சொல்கிற முகத்தோடு சொன்னார். நான் அவருக்கு சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொடுத்தேன்.

பள்ளியில் என் பயிற்சி நடந்தது. பிரின்சிபால் தன் அறையில் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஸ்டாஃப் ரூமில் கேளுங்கள் சார் என்றேன். கேட்டார். கணக்கு ஆசிரியை எழுந்து நின்று கைதட்டினாள். அவளை முதல் வரிசையில் உட்கார வைத்து, கைடு பக்கங்களை வாட்ஸாப்பில் போடுவதைப் பற்றிய கேள்விகள் எல்லாவற்றையும் அவளிடமே கேட்டேன்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

குளிர்காலத்தில், எங்கள் ஊர் ஏரிக்குப் பறவைகள் வந்து இறங்கிய சமயம், அவளுடைய நான்கு அத்தியாயங்களையும் தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். இப்போது யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். உரிமம் அனுமதிக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் சுந்தரவனப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அவள் படகுக்காகக் காத்திருந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. புத்தகம் என்ற பேச்சே வராத நாளில், எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் அதை எழுதினாள். எழுதி முடித்து எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். தன் வாழ்க்கையில் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்றாள். உண்மையில் நல்லதுதான்.

அதை நீக்கினேன். மீதியைச் சுருக்கினேன். அவள் உருகி எழுதிய இடங்களை அறிக்கை மாதிரி ஆக்கினேன். ஆசிரியர்களுக்கு அப்படித்தான் பயன்படும் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நான் அதற்காகச் செய்யவில்லை. கீழே முறைப்படி எழுதினேன்: மூல ஆசிரியர் இன்னார், மூலம் இன்ன இடத்தில் உள்ளது, உரிமம் இது, இதில் மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன. ஒரு நிபந்தனையையும் மீறவில்லை. இணையத்தில் ஏற்றிவிட்டு, சுட்டியை அவளுக்கே அனுப்பினேன்.

தமிழ் அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்க வேண்டும். சில வாரங்களுக்குப் பிறகு போன் வந்தது.

"படகு எங்கே?" என்றாள்.

"எடுத்துட்டேன்."

"இப்போ திருப்தியா உனக்கு?"

"இருக்கு," என்றேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

போனை வைத்துவிட்டாள். மறுநாள் இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். இந்த மொழிபெயர்ப்பு தன் எழுத்து அல்ல, ஆகவே இதிலிருந்து தன் பெயரை நீக்கும்படி உரிமத்தின்படி கோருவதாக எழுதியிருந்தாள். எழுதியவர் அப்படிக் கேட்டால் நீக்கத்தான் வேண்டும். அந்த நிபந்தனையை அவள் மறக்காமல் வைத்திருந்தாள். நல்ல மாணவியாகத்தான் படித்திருக்கிறாள்.

அன்று பள்ளி விடுமுறை. கணவர் கார்டன் ரீச்சுக்குக் கிளம்பிப் போய்விட்டார். கணினியைத் திறந்து நான்கு அத்தியாயங்களிலும் அவள் பெயரைத் தேடினேன். தலைப்பில் இருந்தது, அடிக்குறிப்பில் இருந்தது, ஒரு படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. ஒன்றையும் விடாமல் நீக்கினேன். இன்னொரு முறை தேடிப் பார்த்து, எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கோரிக்கை நிறைவேற்றப்பட்டது என்று அவளுக்குப் பதில் எழுதினேன்.

பிறகு எனக்கு நல்ல பசி. அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டேன்.